ட்ரூடேயின் பிறந்தநாளுக்கு உருண்டைக் குழம்பு

ரோஸ்விதா அன்று மூன்று கவுன்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு அடுப்பு முன்னால் நின்றாள். ஆகஸ்ட் மாதத்து வெயில். வெளியே பூப்போட்ட பழைய கவுன், அதற்குள் கல்யாணத்துக்குத் தைத்தது, எல்லாவற்றுக்கும் உள்ளே கம்பளிக் கவுன். பெட்டி தூக்கிக்கொண்டு போனால் ரயிலிலேயே பிடித்துவிடுவார்கள். உடம்பில் ஏற்றிக்கொண்டு போவது மட்டும்தான் மிச்சம். கன்னத்தில் வழிந்த வேர்வையைப் புறங்கையால் துடைத்துவிட்டு, பிசைந்த இறைச்சியை உள்ளங்கையில் உருட்டினாள்.

அறுபத்தொன்றாம் வருடம் அது. கிழக்கு பெர்லினிலிருந்து மேற்கு பெர்லினுக்கு இன்னும் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தால் சில நிமிஷப் பயணம்தான். ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கத்துக் கடைசி நிலையத்தில் போலீஸ் ஏறும். மூட்டை முடிச்சோடு இருப்பவர்களை இறக்கிவிடும். இறக்கப்பட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பவர்கள் குறைவு.

ரோஸ்விதாவின் கணவன் லோதர் இயந்திரத் தொழிற்சாலையில் வரைபடம் போடுகிறவன். போன வாரம் ரகசியப் போலீஸிலிருந்து இரண்டு பேர் வந்து அவனைத் தனி அறையில் உட்காரவைத்து, கூட வேலை செய்கிறவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று அவ்வப்போது சொன்னால் போதும் என்றார்கள். திங்கட்கிழமை பதில் வேண்டும் என்றார்கள். அவன் வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. இன்று சனிக்கிழமை காலை துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஏரிக்குக் குளிக்கப் போகிறவன் மாதிரி சைக்கிளில் கிளம்பிவிட்டான். இப்போது மேற்கே அத்தை ட்ரூடேயின் வீட்டில் இருப்பான். மாலைக்குள் நீங்கள் வரவில்லையென்றால் நான் திரும்பி வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். காலையிலிருந்து ரோஸ்விதா கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் வேலை செய்தாள்.

மாமனார் எமில் பெர்கூனை அழைத்துக்கொண்டு போவது அவள் பொறுப்பு. கிழவருக்கு விஷயம் தெரியாது. பதினாறு வருடத்துக்கு முன்னால், போரின் கடைசிக் குளிர்காலத்தில் கோனிக்ஸ்பெர்க்கை விட்டு ஓடிவந்தவர். வழியில் மனைவியைப் பனியில் புதைத்தவர். மேற்கே போகலாமா என்று லோதர் ஒருமுறை மெதுவாகக் கேட்டபோது, ஒரு தடவை ஓடினது போதும், இனிமேல் என்னைத் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும் என்றார். அதோடு, அவர் வாயில் எதுவும் தங்காது. மாடிப்படியில் ஏறுவதற்குள் யாரிடமாவது சொல்லிவிடுவார். அதனால் தங்கை ட்ரூடேயின் பிறந்தநாள் வருகிற நாளாகப் பார்த்தார்கள். பிறந்தநாள் உண்மை. திரும்பி வருவது மட்டும் பொய்.

பிறந்தநாளுக்கு அவர் ஊர் உருண்டைக் குழம்பு செய்யச் சொன்னவர் கிழவர்தான். கேட்டதும் ரோஸ்விதாவுக்கு மனசுக்குள் ஒரு நிம்மதி. குழம்புப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு யாராவது நாட்டைவிட்டு ஓடுவார்களா?

பாலில் ஊறிய பழைய ரொட்டி, வெங்காயம், முட்டை, பொடியாக அரிந்த உப்பு நெத்திலி எல்லாம் சேர்ந்த உருண்டைகள் பிரிஞ்சி இலை போட்ட கொதிநீரில் ஒவ்வொன்றாக மேலே மிதந்து வந்தன. அவற்றை எடுத்து வைத்துவிட்டு, வெண்ணெயில் மாவைச் சிவக்காமல் வறுத்து, வெந்த நீரை ஊற்றி, பாலேடு விட்டாள். கடைசியாக முட்டை மஞ்சள் கரு. அதைச் சேர்த்தபின் கொதிக்கக் கூடாது. கொதித்தால் திரிந்துவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் கதவு தட்டப்பட்டது.

கீழ் வீட்டு கூபிட்ஸ் அம்மாள். அந்தக் கட்டடத்தில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பதிவு வைத்திருப்பவள். மோப்பம் பிடிக்கிற மூக்கோடு நேரே அடுப்படிக்கு வந்துவிட்டாள்.

"என்னம்மா, ஞாயித்துக்கிழமைச் சமையலை இன்னைக்கே வெச்சிட்டியா? வாசனை மூணு மாடிக்கு வருது."

அத்தைக்குப் பிறந்தநாள், அந்தப் பக்கம் போய்வருகிறோம் என்றாள் ரோஸ்விதா. கரண்டியை விடாமல் சிரிக்கவும் செய்தாள்.

"லோதர் வரலையா?"

"ஏரிக்குக் குளிக்கப் போயிருக்கார். அப்படியே நேரா வந்துடுவார்."

"உனக்கு ஏண்டி இப்படி வேர்த்துக் கொட்டுது? சன்னலைத் திறந்தா என்ன?" கூபிட்ஸ் அம்மாளே போய்ச் சன்னலைத் திறந்தாள். திறந்துவிட்டுத் திரும்பியவள் சுவரைப் பார்த்தாள். கல்யாணப் படம் மாட்டியிருந்த இடம் வெளுப்பாகச் சதுரமாகத் தெரிந்தது. கண்ணாடி உடைந்துபோய்விட்டது, புதிதாகப் போடக் கொடுத்திருக்கிறோம் என்று ரோஸ்விதா சொல்லி முடிப்பதற்குள் அடுப்பில் குழம்பு ஒரு கொப்புளம் விட்டது. அப்புறம் இன்னொன்று. பாத்திரத்தை அவசரமாக இறக்கினாள். இறக்கியும் பயனில்லை. வெள்ளை வெளேரென்று இருந்த குழம்பு திப்பித் திப்பியாகப் பிரிந்து தண்ணீர் விட்டது.

"போச்சு," என்றாள் கூபிட்ஸ் அம்மாள், கொஞ்சம் திருப்தியாகவே. நாளைக்கு ப்ளம் பழக் கேக் சுடுகிறேன், சாயங்காலம் காப்பிக்கு வா என்று சொல்லிவிட்டுப் போனாள். வருகிறேன் என்று ரோஸ்விதா சொன்னாள். படியில் செருப்புச் சத்தம் இறங்கி, கீழ்க் கதவு சாத்துகிற வரைக்கும் அசையாமல் நின்றாள். அந்த வெளுத்த சதுரத்துக்குச் சொன்ன காரணத்தை அவள் நம்பினாளா, இல்லையா?

அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று நினைத்தாள். அதற்குள் முற்றத்தில் முயல்களுக்குப் புல் போட்டுவிட்டு மாமனார் மேலே வந்தார். பாத்திரத்தை எட்டிப் பார்த்தார்.

"இதையா ட்ரூடே முன்னால வைக்கப்போறே? அவ என்னைத்தான் சிரிப்பா."

"நேரமாச்சு மாமா. ருசியில ஒண்ணும் குறை இல்ல."

"நேரம் எங்க போகுது? பிறந்தநாள் ராத்திரி வரைக்கும் இருக்கு. மறுபடி செய்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இனி வாதாடினால் ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பார். ரோஸ்விதா குழம்பை வடிகட்டினாள். மறுபடி வெண்ணெய், மறுபடி மாவு. வீட்டில் ஒரே ஒரு முட்டைதான் பாக்கி. மஞ்சள் கருவைக் கிண்ணத்தில் அடித்து, சூடான குழம்பைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினாள். கிழவர் கவனித்துக்கொண்டிருந்தார். எலுமிச்சை பிழிந்து, உப்பில் ஊறிய கேப்பர் பூமொட்டுகளைத் தூவி, உருண்டைகளை உள்ளே இறக்கியபோது குழம்பு பட்டுத் துணி மாதிரி கரண்டியில் படிந்தது. அவர் விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, எழுந்துபோய்த் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

பாத்திரத்தைச் செய்தித்தாளில் சுற்றி, கரண்டியையும் சேர்த்து மேலே போர்வை சுற்றி எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். வீட்டைப் பூட்டும்போது ரோஸ்விதா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மாமனார் என்னவென்று கேட்பார்.

ரயிலில் நல்ல கூட்டம். சனிக்கிழமை மத்தியானம், பெரும்பாலும் குடும்பம் குடும்பமாக. யாரும் யாரையும் பார்த்துப் பேசவில்லை. எல்லைக்கு முந்தின கடைசி நிலையத்தில் ரயில் நின்றது. கதவுகள் திறந்தபடியே இருந்தன. இரண்டு போலீஸ்காரர்கள் ஏறினார்கள். வயதானவர் கதவருகே நின்றுகொள்ள, இளைஞன் இருக்கை இருக்கையாக வந்தான்.

எங்கே போகிறீர்கள் என்று கேட்டான். ரோஸ்விதா பதிலை ஆயிரம் முறை சொல்லிப் பார்த்திருந்தாள். ஆனால் கிழவர் முந்திக்கொண்டார்.

"என் தங்கச்சி ட்ரூடே வீட்டுக்குத் தம்பி. இன்னைக்கு அவளுக்குப் பிறந்தநாள். சாப்பிட்டுட்டு இருட்டறதுக்குள்ள திரும்பிடணும். முயல் எல்லாம் பட்டினி கிடக்கும்."

அதைவிட நல்ல பதில் இருக்க முடியாது. இளைஞனின் முகம்கூடச் சற்று இளகியது. பாத்திரத்தில் என்ன என்றான்.

"கோனிக்ஸ்பெர்க் உருண்டை," என்றார் கிழவர்.

எதிரே உட்கார்ந்திருந்த பெண் சட்டென்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பெயரை இந்தப் பக்கம் யாரும் உரக்கச் சொல்வதில்லை. உணவு விடுதிகளில்கூட வெறும் கேப்பர் உருண்டை என்றுதான் எழுதுவார்கள்.

"அப்படி ஒரு ஊரே இப்ப கிடையாது பெரியவரே. சோவியத் நாட்டுல கலினின்கிராட்னு ஒரு ஊர் இருக்கு."

"ஊர் எங்கயும் போகல. அங்கே துறைமுகத்துல கிரேன் ஓட்டினவன் நான். பேரை நீங்க மாத்திக்கோங்க. உருண்டைக்குப் பேர் மாத்தற அதிகாரம் எனக்கில்ல."

பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். இளைஞனின் தாடை இறுகியது. ரோஸ்விதா குறுக்கே விழுந்து, மாமாவுக்குப் பழைய பேர்தான் வாயில் வருகிறது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றாள். மூடியைத் திறக்கச் சொன்னான். போர்வையைப் பிரித்துத் திறந்தாள். ஆவி அவன் முகத்தில் அடித்தது. அவளுடைய கரண்டியையே வாங்கி அடிவரைக்கும் விட்டுத் துழாவினான். உருண்டைகள் புரண்டன. வேறு ஒன்றும் அகப்படவில்லை. கரண்டியைத் திருப்பிக் கொடுத்தவன் அவளைப் பார்த்தான். கழுத்து, கை, இடுப்பு என்று மெதுவாகப் பார்த்தான்.

"ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

"நானும் காலையிலேர்ந்து அதைத்தான் கேக்கறேன்," என்றார் கிழவர்.

உள்ளே கம்பளிக் கவுன் முதுகோடு ஒட்டியிருந்தது. எழுந்து நில் என்று சொன்னால் தீர்ந்தது. ரோஸ்விதாவுக்கு எங்கிருந்து அந்த வார்த்தை வந்தது என்று அவளுக்கே தெரியாது.

"மாசமா இருக்கேன்," என்றாள்.

போலீஸ்காரன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். கிழவர் தாழ்த்தவில்லை. அவர் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். கல்யாணமாகி ஏழெட்டு வருடமாக அவர் ஒருநாளும் கேட்காமல் காத்திருந்த செய்தி அது. முகம் முழுக்க ஒளி பரவியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எதிரே இருந்த பெண்ணிடம், "என் மருமக," என்றார். ரோஸ்விதா செத்துப்போய்விடலாம் போல உட்கார்ந்திருந்தாள்.

அதோடு விட்டானா என்றால் இல்லை. இறைச்சி, வெண்ணெய் எதையும் அந்தப் பக்கம் கொண்டுபோகக் கூடாது, பாத்திரத்தை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள், திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம் என்றான். ரோஸ்விதாவின் கைகள் தாமாகவே பாத்திரத்தை நீட்டின. இது ஒழிந்தால் போதும் என்று இருந்தது. கிழவர் பாத்திரத்தின் காதைப் பிடித்து நிறுத்தினார்.

"வெறுங்கையோட பிறந்தநாளுக்குப் போறதா? முடியாது. ரோஸி, எழுந்திரு. நாம வீட்டுக்குப் போகலாம். ட்ரூடேயை நாளைக்கு இங்க வரச்சொல்லிக்கலாம்."

சொன்னதோடு நில்லாமல் எழுந்தும் விட்டார். கதவு திறந்திருந்தது. ரெண்டு எட்டு வைத்தால் நடைமேடை. இறங்கினால் லோதர் மாலையில் தேடிக்கொண்டு திரும்பி வருவான். திங்கட்கிழமை அந்த இரண்டு பேர் வருவார்கள். ரோஸ்விதா அவர் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க மாமா. பாத்திரத்தைக் குடுத்துட்டுப் போகலாம்."

"ஏன்? அப்படி என்ன அவசரம் உனக்கு?"

போலீஸ்காரனும் அதே கேள்வியோடு அவளைப் பார்ப்பது தெரிந்தது. அவள் வாயைத் திறந்தாள்.

அப்போது பக்கத்துப் பெட்டியில் ஒரு கூச்சல். கதவருகே நின்றவர் இளைஞனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினார். இளைஞன் ஒரு நொடி தயங்கினான். அப்புறம் அவனும் இறங்கி ஓடினான். கதவுகள் சாத்திக்கொண்டன. ரயில் நகர்ந்தபோது சன்னல் வழியாக ரோஸ்விதா பார்த்தாள். அவள் வயதே இருக்கும் ஒரு தம்பதி. காலடியில் இரண்டு பெட்டிகள். ஒன்று வாய் பிளந்து, தலையணை உறைகள் நடைமேடையில் சிதறிக் கிடந்தன. அந்தப் பெண் குனிந்து அவற்றை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தாள், இனிமேல் அதுதான் முக்கியம் என்பது போல.

"பாவம்," என்றார் கிழவர். மறுபடி உட்கார்ந்து மூடியைச் சரிசெய்தார். ரோஸ்விதாவுக்கு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

ட்ரூடே அத்தையின் வீட்டில் மேஜை போட்டிருந்தது. உருளைக்கிழங்கு, பீட்ரூட், பூக்கள். லோதர் வாசலிலேயே நின்றிருந்தான். கிழவர் நுழைந்ததும் நுழையாததுமாக மகனைக் கட்டிக்கொண்டு முதுகில் தட்டினார். "திருட்டுப் பயலே, அப்பன்கிட்டகூடச் சொல்லல பாரு," என்றார். லோதர் விளங்காமல் மனைவியைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டிவைத்தாள்.

சாப்பிட்டார்கள். ட்ரூடே நன்றாயிருக்கிறது என்று இரண்டாம் முறை போட்டுக்கொண்டாள். கிழவர் பேரனுக்கோ பேத்திக்கோ தொட்டில் செய்யப் பலகை எங்கே கிடைக்கும் என்று பேசிக்கொண்டே சாப்பிட்டார். ரோஸ்விதாவுக்கு ஒரு உருண்டைகூட இறங்கவில்லை. அடுப்படிக்குப் போனவளைப் பின்தொடர்ந்து வந்து லோதர் காதோடு சொன்னான். இன்றைக்கு ஒன்றும் சொல்லவேண்டாம், அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி ராத்திரி தங்கவைத்துவிடலாம், நாளைக்கு மெதுவாகச் சொல்லலாம். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அவளும் சரி என்றாள்.

ஆனால் வெயில் சாய்ந்ததும் கிழவர் தொப்பியைத் தேடத் தொடங்கினார். மாசமாக இருப்பவள் நெரிசலில் வரவேண்டாம், நீ ரெண்டு நாள் இங்கேயே இருந்துவிட்டு வா, நான் போய் முயலைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அத்தைக்குத் தலைசுற்றுகிறது என்று லோதர் ஆரம்பித்தான். ரோஸ்விதாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"மாமா, நான் மாசமா இல்ல," என்றாள்.

அவள் நிறுத்தாமல் சொல்லிமுடித்தாள். தொழிற்சாலைக்கு வந்த இரண்டு பேர், திங்கட்கிழமை, மூன்று கவுன், ரயிலில் வாயில் வந்த பொய். இனி அந்த வீட்டுக்கு யாரும் திரும்பப் போவதில்லை என்றும் சொன்னாள். மேல் கவுனின் பொத்தானைக் கழற்றி உள்ளே இருந்ததைக் காட்டினாள்.

கிழவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தார்கள். கத்தவில்லை.

"அன்னைக்கு ரஷ்யாக்காரன் துரத்தினான், ஓடினேன். யார் துரத்தறான்னாவது தெரிஞ்சுது. இன்னைக்கு என்னை மூட்டை மாதிரி தூக்கிட்டு வந்திருக்கீங்க, பெத்த பிள்ளையும் மருமகளும்."

லோதர் மண்டியிட்டு அவர் கையைப் பிடித்தான். திரும்பிப் போனால் உங்களைச் சும்மா விடமாட்டார்கள் அப்பா என்றான். அவர் கையை உருவிக்கொண்டார். எழுபது வயதுக் கிழவனை என்ன செய்வார்கள் என்றார். எழுந்தார். ரோஸ்விதாவை அவர் பார்க்கவில்லை. அவள் ஓடிப்போய் மிஞ்சிய உருண்டைகளை ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டுக் கொண்டுவந்தாள். வாங்கிக்கொள்ளாமலே படியிறங்கினார். நிலையம் வரைக்கும் லோதர் கெஞ்சிக்கொண்டே போனான். அவர் தனியாகத்தான் ரயில் ஏறினார்.

மறுநாள் காலை ட்ரூடே வானொலியைத் திருப்பினாள். ராத்திரியோடு ராத்திரியாக எல்லை மூடப்பட்டிருந்தது. முள்கம்பி இழுத்திருந்தார்கள். ரயில் இரண்டு பக்கமும் நின்றுபோயிருந்தது. லோதர் கம்பிவரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தான்.

"ஒரே ஒரு ராத்திரி வாயை மூடிட்டு இருந்திருக்கலாமே ரோஸி," என்றான்.

அதற்கப்புறம் வந்த வருடங்களில் அவன் அதை மறுபடி கேட்கவில்லை. கேட்காமலிருப்பது அவளுக்கு இன்னும் கனமாக இருந்தது.

மூன்று வருடம் கழித்து, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முதியவர்கள் மட்டும் மேற்கே உறவினர்களைப் பார்த்துவரலாம் என்று அனுமதித்தார்கள். எமில் பெர்கூன் முதல் குளிர்காலத்திலேயே வந்தார். இளைத்திருந்தார். நிலையத்தில் ரோஸ்விதாவின் மேடிட்ட வயிற்றைக் கண்டு சற்று நேரம் நின்றார்.

"இந்தத் தடவை நெசந்தானா?"

"நெசந்தான் மாமா."

அவர் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அங்கே என்ன நடந்தது என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். போலீஸ்காரர்கள் அவரை இரண்டு நாள் உட்காரவைத்துக் கேட்டார்களாம். மகனும் மருமகளும் பிறந்தநாளில் அளவுக்குமேல் குடித்துவிட்டுத் தூங்கிப்போனார்கள், காலையில் பார்த்தால் வழியை நீங்கள் அடைத்துவிட்டீர்கள், அவர்களை எப்போது திருப்பி விடுவீர்கள் என்று இவரே அவர்களைக் கேட்டாராம். அவர்கள் முழுதாக நம்பவில்லை. ஆனால் விட்டுவிட்டார்கள். பொய் தனக்கு இவ்வளவு நன்றாக வரும் என்று தெரியாமல் போயிற்று என்றார்.

அவர் திரும்புவதற்கு முந்தின நாள் ரோஸ்விதா அடுப்படியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரே உட்கார்ந்து ஒரு கத்தியை எடுத்துத் தானும் உரிக்கத் தொடங்கினார். அவள் தலை நிமிராமல் கேட்டாள்.

"அன்னைக்கு நான் சொல்லாமலே இருந்திருக்கணுமா மாமா?"

அவர் கையிலிருந்த கிழங்கை உரித்துத் தண்ணீரில் போட்டார்.

"சொல்லாம இருந்திருந்தா இங்கேயே இருந்திருப்பேன். ஆனா உன்கூட ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன்."

லோதர் அவரை இங்கேயே தங்கிவிடச் சொல்லிப் பார்த்தான். அவர் கேட்கவில்லை. குழந்தை பிறந்ததும் மறுபடி அனுமதி கேட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினார். நிலையத்தில் அன்று பனி. ரயில் பெட்டியில் ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடியைக் கீழே இறக்கி, சும்மா நிற்காதே, குளிருகிறது, வீட்டுக்குப் போ என்று மருமகளை அதட்டினார். ரயில் வளைவில் மறைகிற வரைக்கும் அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள்.